ஹார்டுவேரை அமைப்பது யார் வேலை: ஃபர்ம்வேரா, கர்னலா?

#1 · ஓடும்பிட்

எங்கள் குழு ஒரு எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) போர்டுக்கு, கோர்பூட் என்ற திறமூலத் திட்டத்தை வைத்து ஃபர்ம்வேர், அதாவது மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் குறியீடு, எழுதிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் ஓடப்போவது லினக்ஸ் மட்டும்தான். போர்டு பூட் ஆகிறது, கன்சோல் வருகிறது. இப்போது குழுவுக்குள் ஒரே வாக்குவாதம்: மிச்சமிருக்கும் அமைப்பு வேலைகளை ஃபர்ம்வேரில் எழுதுவதா, லினக்ஸின் மையமான கர்னலிடம் விட்டுவிடுவதா?

நான் கர்னல் பக்கம். கார்டுகளும் சாதனங்களும் இணையும் பிசிஐ பஸ்ஸில் முகவரி ஒதுக்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாதனத்திலும் அதன் முகவரியை வைக்கும் பேஸ் அட்ரஸ் ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. அதில் எல்லா பிட்டையும் 1 ஆக எழுதித் திரும்பப் படித்தால், அந்தச் சாதனத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் கூட்டி, பஸ்களை இணைக்கும் பிரிட்ஜ்களுக்கு இடம் பிரித்து, முகவரிகளை எழுத வேண்டும். இதை ஃபர்ம்வேர் பூட்டின்போது செய்கிறது. இதே வேலைக்கான குறியீடு லினக்ஸிலும் முழுதாக இருக்கிறது. ஹாட்பிளக்கில், அதாவது கணினி ஓடும்போதே, புதுக் கார்டு வந்தால் ஓடுவது அதுதான். ஆனாலும் எக்ஸ்86இல் லினக்ஸ் பெரும்பாலும் ஃபர்ம்வேர் எழுதிவைத்ததை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. ஃபர்ம்வேர் 4 ஜிபிக்குக் கீழே உள்ள குறுகலான இடத்துக்குள் எல்லாவற்றையும் திணித்திருந்தால், பெரிய கிராஃபிக்ஸ் கார்டுக்கு இடம் கிடைப்பதில்லை. அப்புறம் பயாஸ் (பிசியின் ஃபர்ம்வேர்) மெனுவில் '4 ஜிபிக்கு மேல் டிகோடிங்' எங்கே என்று தேடுவதும், கர்னல் கட்டளை வரியில் பிசிஐ=ரீஅலாக் (மறுபடி ஒதுக்கு) போட்டுப் பார்ப்பதும்தான் வழி.

ஒரே வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள். அதில் ஒருவரின் குறியீட்டை மட்டும்தான் எங்களால் வெளியே கொடுத்த பிறகும் சுலபமாகத் திருத்த முடியும். அப்படியிருக்க, இன்னொருவர் எதற்கு?

#2 · பழைய பயாஸ்

ஓடும்பிட், ஃபர்ம்வேர் இந்த வேலையைத் தானாகப் பிடுங்கிக்கொள்ளவில்லை. 1981இல் முதல் ஐபிஎம் பிசி வந்தபோது அதன் இயங்குதளமான (ஓஎஸ்) டாஸ் டிஸ்க்கைப் படிக்க வேண்டுமென்றால் பயாஸைத்தான் கூப்பிட்டது. டாஸுக்கென்று டிரைவர் கூட்டம் எதுவும் கிடையாது. பயாஸ் அமைக்காவிட்டால் அமைக்க ஆளே இல்லை.

செருகிய சாதனத்தைத் தானாக அமைக்கும் பிளக் அண்டு ப்ளே (பிஎன்பி) வந்த 1990களின் நடுவில் நீங்கள் கேட்கும் இதே கேள்வி பயாஸ் மெனுவிலேயே ஒரு வரியாக இருந்தது: 'பிஎன்பி ஓஎஸ் நிறுவப்பட்டிருக்கிறதா? ஆம் / இல்லை'. ஆம் என்றால் பயாஸ் பூட்டுக்குத் தேவையானதை மட்டும் அமைத்துவிட்டு மற்றதை ஓஎஸ்ஸிடம் விட்டுவிடும். இல்லை என்றால் எல்லாவற்றையும் தானே அமைக்கும். அன்றைக்கு ஒரு சாதனம் வேலை செய்யவில்லை என்று யாராவது வந்தால், நாங்கள் முதலில் மாற்றச் சொன்னதே இந்த வரியைத்தான். பெரும்பாலும் 'இல்லை' என்று வைத்தால்தான் வேலை செய்யும்.

நீங்கள் பிசிஐயை எடுத்தது உங்கள் வாதத்துக்கு வசதியான உதாரணம். அந்த பஸ் தன்னைத்தானே விவரித்துக்கொள்ளும், கேட்டால் பதில் சொல்லும். ஆனால் போர்டில் இருக்கும் பெரும்பாலான விஷயங்கள் அப்படி இல்லை. இந்த ஸ்லாட்டின் இன்டரப்ட் (ப்ராசஸரின் கவனத்தைக் கேட்கும் சிக்னல்) எந்தக் காலில் போய்ச் சேருகிறது? இந்த ஜிபிஐஓ என்ற பொதுப் பயன் காலை உயர்த்தினால் எந்த மின்வழி திறக்கிறது? மடிக்கணினியின் மூடி மூடியதை எந்த சிப் சொல்கிறது? இதையெல்லாம் எந்த ரெஜிஸ்டரைப் படித்தும் கண்டுபிடிக்க முடியாது. போர்டை வரைந்தவருக்குத்தான் தெரியும். அவர் எழுதும் குறியீடுதான் ஃபர்ம்வேர். போன வருடத்து லினக்ஸ் இமேஜ் ஒன்று இந்த வருடத்து எக்ஸ்86 போர்டில் எழுந்து நிற்கிறதென்றால், இடையில் ஃபர்ம்வேர் அந்த வித்தியாசங்களை விழுங்கிக்கொள்வதால்தான்.

#3 · கர்னல் கயல்

பழைய பயாஸ் ஐயா சொல்வதில் பாதி முழு உண்மை: போர்டைப் பற்றிய அறிவு போர்டோடுதான் வர வேண்டும். அந்த அறிவு குறியீடாக வர வேண்டும் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. தகவலாக வந்தால் போதும்.

ஃபோன்களிலும் சிறு போர்டுகளிலும் இருக்கும் ஆர்ம் ப்ராசஸர்களின் உலகம் இதை அனுபவித்தே கற்றுக்கொண்டது. 2011 வரை ஆர்ம் லினக்ஸில் ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சி கோப்பு. கர்னல் மூலக்குறியீட்டுக்குள் போர்டு கோப்புகள் குவிந்து, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகக் கோபப்பட்ட பிறகு, போர்டை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ என்ற தகவல் வடிவத்துக்கு மாறினார்கள். அது புது யோசனையும் இல்லை. சன் வொர்க்ஸ்டேஷன்களிலும் பவர்பிசியிலும் இருந்த ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து வந்தது, 1994லேயே ஐஇஇஇ தரமாக ஆனது. இந்த முகவரியில் இந்த சிப் இருக்கிறது, இந்த கிளாக்கில் ஓடுகிறது, இந்த ரெகுலேட்டரிலிருந்து மின்சாரம் வருகிறது என்று மட்டும் சொல்லும். என்ன செய்வது என்பதை டிரைவர் முடிவு செய்யும்.

பிசி உலகில் ஃபர்ம்வேர் ஓஎஸ்ஸுக்குப் போர்டை விவரிக்கும் தரமான ஏசிபிஐ வேறு பாதையில் போனது. 1996 இறுதியில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஏபிஎம் என்ற தரத்தில் மின் மேலாண்மை முழுக்க பயாஸ் கையில் இருந்தது. ஓஎஸ்ஸுக்குத் தெரியாமலேயே இயந்திரம் தூங்கப் போகும். முடிவெடுக்கும் அதிகாரம் ஓஎஸ்ஸுக்கு வர வேண்டும் என்பதுதான் ஏசிபிஐயின் நோக்கம். அந்த அளவில் அது நம் பக்கத்து வெற்றி. ஆனால் போர்டுத் தகவலை வெறும் அட்டவணையாகத் தராமல் ஏஎம்எல் என்ற பைட்கோடாகத் தந்தார்கள். ஆக, ஃபர்ம்வேர்காரர் எழுதிய நிரல் என் கர்னலுக்குள், என் கர்னலின் முழு உரிமையோடு ஓடுகிறது.

அந்த நிரல் என்ன செய்கிறது தெரியுமா? 'நீ எந்த விண்டோஸ்?' என்று கேட்கிறது. அதற்கென்றே ஓஎஸ்ஐ என்று ஒரு மெத்தட் இருக்கிறது. பதிலைப் பொறுத்துச் சாதனங்களை வேறு வேறு விதமாக அமைக்கிறது. லினக்ஸ் உண்மையைச் சொன்னால் யாரும் சோதிக்காத கிளைக்குள் போய் விழும். அதனால் பல வருடங்களாக லினக்ஸ் தன்னைப் புதிய விண்டோஸ் என்றே சொல்லிக்கொள்கிறது, 'லினக்ஸா?' என்று நேராகக் கேட்டால் இல்லை என்கிறது. ஹார்டுவேரை அமைக்கும் பொறுப்பைக் குறியீடாகப் பிரித்துக் கொடுத்ததன் விலை இது.

இன்னொன்று. பிசிஐ எக்ஸ்பிரஸில் இணைப்பு சும்மா இருக்கும்போது மின்சாரத்தைக் குறைக்கும் ஏஎஸ்பிஎம் என்ற வசதி உண்டு. 'இந்தக் கணினியில் ஓஎஸ் இதைக் கட்டுப்படுத்தக் கூடாது' என்று சொல்ல ஏசிபிஐ அட்டவணையில் ஒரு பிட் இருக்கிறது. 2011இல் லினக்ஸ் அந்தப் பிட்டைப் பார்த்ததும், ஃபர்ம்வேர் ஏற்கெனவே இயக்கி வைத்திருந்த ஏஎஸ்பிஎம்மையும் அணைத்துவிட்டது. நிறைய மடிக்கணினிகளில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. விண்டோஸோ அதே பிட்டைப் பார்த்து, இருப்பதை இருந்தபடி விட்டுவிடும். ஃபர்ம்வேர் எழுதியவர்களும் அதையே எதிர்பார்த்தார்கள். 2012இல் லினக்ஸும் அப்படியே மாறியது. இங்கே இரண்டு பக்கமும் தரத்தைப் படித்துத்தான் எழுதின. 'நான் அமைத்துவிட்டேன், தொடாதே' என்பதும் 'நான் அமைக்கவில்லை, நீயும் அமைக்காதே' என்பதும் ஒரே பிட்டில் அடைபட்டதுதான் கோளாறு.

#4 · சர்வர் அறை

நான் குறியீடு எழுதுகிறவன் இல்லை, ஓட்டுகிறவன். எனக்கு ஒரே கேள்விதான்: பிழை வந்தால் எத்தனை சீக்கிரம் சரியாகும்?

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தபோது ஸ்பெக்டரின் ஒரு வகைக்கு மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ளேயே ஓடும் திருத்தக் குறியீடு) வேண்டியிருந்தது. மைக்ரோகோடை பயாஸும் ஏற்றலாம், கர்னலும் ஏற்றலாம். பயாஸ் வழியாக வர வேண்டுமென்றால் சிப் நிறுவனம், பயாஸ் நிறுவனம், போர்டு நிறுவனம் என்று ஒவ்வொரு வாசலாகத் தாண்டி வர வேண்டும். பழைய போர்டுகளுக்கு வரவே வராது. கர்னல் வழி என்றால் வழக்கமான பேக்கேஜ் அப்டேட்டில் வந்துவிடும். அந்த மாதமே இன்டெல்லின் முதல் மைக்ரோகோட் சில கணினிகளைத் திடீர் திடீரென்று ரீபூட் செய்ய வைத்து, அதைப் போட வேண்டாம் என்று அவர்களே சொன்னதும் நினைவிருக்கும். கர்னல் வழியாக ஏற்றியவர்களுக்குப் பின்வாங்குவது சுலபம்: பழைய பேக்கேஜ், ஒரு ரீபூட், முடிந்தது. பயாஸில் ஃபிளாஷ் செய்தவர்கள் மறுபடி ஃபிளாஷ் செய்ய வேண்டியதாயிற்று.

ஆனால் கயல், டிவைஸ் ட்ரீயை எங்கள் பக்கம் கொண்டுவராதீர்கள். புதிய கணினியில் பழைய என்டர்பிரைஸ் கர்னல் எழ வேண்டும் என்பது எங்களுக்கு உயிர்நாடி. ஆர்ம் சர்வர்கள் செய்தவர்களே டிவைஸ் ட்ரீ போதாது என்று ஏசிபிஐ கேட்டு வாங்கினார்கள். 2015இல் லினக்ஸ் 4.1இல் ஆர்ம்64க்கு அது சேர்ந்தது. கிளாக், ரெகுலேட்டர் எல்லாம் ஃபர்ம்வேரே பார்த்துக்கொள்ளட்டும், கர்னலுக்குத் தெரியவே வேண்டாம் என்பதுதான் அவர்களுடைய எண்ணம்.

#5 · பூட்லோடர் பாலா

கோர்பூட் பக்கத்திலிருந்து கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஓடும்பிட்டின் கேள்விதான் அந்தத் திட்டம் பிறந்த காரணமே.

1999இல் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகத்தில் ரான் மின்னிச் அதைத் தொடங்கியபோது பெயர் லினக்ஸ்பயாஸ். கிளஸ்டர் கணினிகளின் பயாஸ் மெதுவாக இருந்தது, தொலைவிலிருந்து கையாள முடியவில்லை. எப்படியும் லினக்ஸ் எல்லாவற்றையும் மறுபடி அமைக்கிறதே, அப்படியென்றால் ஃபிளாஷிலேயே லினக்ஸை வைத்துவிட்டால் என்ன என்று நினைத்தார்கள். ஆனால் ஒரு சுவர் குறுக்கே நின்றது: மெமரி. மின்சாரம் வந்த நொடியில் டிராம் (கணினியின் முதன்மை மெமரி) வேலை செய்யாது. கர்னல் ஓட டிராம் வேண்டும். ஆகவே டிராமை எழுப்பும் குறியீடு கர்னலாக இருக்க முடியாது.

அந்தக் குறியீடு லேசானதும் இல்லை. ப்ராசஸரின் கேஷையே தற்காலிக மெமரியாக மாற்றி, அதில் ஸ்டாக் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மெமரி மாட்யூலின் சிறு சிப்பிலிருந்து அதன் விவரத்தைப் படித்து, ஒவ்வொரு டேட்டா வழியிலும் சிக்னல் எந்த நேரத்தில் சுத்தமாக வருகிறது என்று எழுதிப் படித்துத் தேடிப்பிடிக்க வேண்டும். மெமரி டிரெய்னிங் என்பது இதுதான். புதிய டிடிஆர்5 கணினிகள் முதல் பூட்டில் வெறும் கருப்புத் திரையோடு நிமிடக்கணக்கில் நிற்பது இதனால்தான். இன்டெல் இந்தக் குறியீட்டை எஃப்எஸ்பி என்ற பைனரியாகத்தான் தருகிறது. ஏஎம்டியின் ஜென் வகைகளில் எக்ஸ்86 கோர் எழுவதற்கு முன்பே பிஎஸ்பி என்ற தனி ஆர்ம் ப்ராசஸர் டிரெய்னிங்கை முடித்துவிடுகிறது.

ஏஎம்டியின் இந்த ஏற்பாடு எதிர்பாராத ஒரு கதவைத் திறந்தது. ஆக்சைடு கம்ப்யூட்டர் என்ற நிறுவனம் ஏஎம்டி மிலான் ப்ராசஸரில் தங்கள் சர்வரைக் கட்டியபோது, பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரையே வைக்கவில்லை. பிஎஸ்பி மெமரியை எழுப்பியதும், மிகச் சிறிய ஒரு லோடர் அவர்களுடைய இல்லுமோஸ் (யூனிக்ஸ் வகை ஓஎஸ்) கர்னலை நேரடியாக ஓட வைக்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்களைப் பிரிப்பது, இணைப்புகளை எழுப்புவது, பஸ்களுக்கு எண் கொடுப்பது எல்லாம் கர்னலே. அதாவது, ஓடும்பிட், நீங்கள் கேட்பது சாத்தியம். ஒரு போர்டு, ஒரு ஓஎஸ், இரண்டும் ஒரே குழுவின் கையில், அதோடு சிப் நிறுவனத்திடமிருந்து ஆவணம். இந்த நான்கும் கூடிய இடத்தில் அது நடந்திருக்கிறது.

#6 · பழைய பயாஸ்

பாலா கடைசியாகச் சொன்ன ஆவணம், அதுதான் பெரிய நிபந்தனை. சிலிக்கன் பிழைகளைச் சுற்றிப்போக எத்தனையோ மறைமுக பிட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பல எந்தப் பொது ஆவணத்திலும் இல்லை. சிப் நிறுவனம் ஃபர்ம்வேர்காரருக்கு ஒப்பந்தம் போட்டுத் தருகிறது. கர்னல்தான் அமைக்க வேண்டும் என்பவர்கள் முதலில் அந்த ஆவணங்களை வெளியே கொண்டுவரட்டும்.

கர்னல் கைவைத்ததால் போர்டே செத்த கதைகளும் இருக்கின்றன. 2017 இறுதியில் உபுண்டு 17.10இன் கர்னலில், பயாஸ் இருக்கும் ஃபிளாஷ் சிப்பைத் தொடும் இன்டெல் எஸ்பிஐ டிரைவர் இயங்கும்படி விடப்பட்டது. சில மடிக்கணினிகளில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கவே முடியாமல் போனது; வெளியிட்ட இமேஜைத் திரும்பப் பெற்றார்கள். அதற்கு முன் 2016இல், ரூட் உரிமையில் எல்லாக் கோப்பையும் அழித்தவர்கள், லினக்ஸில் கோப்புகளாகவே தெரியும் யூஇஎஃப்ஐ மாறிகளையும் (ஃபர்ம்வேரின் அமைப்பு மதிப்புகள்) சேர்த்து அழித்து, மறுபடி எழவே எழாத கணினிகளோடு நின்றார்கள்.

அப்புறம் விசிறி. கர்னல் பேனிக் ஆகி நிற்கிறது, ப்ராசஸர் கொதிக்கிறது. விசிறியை யார் சுற்றுவது? எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சிறு சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேர்தான். கர்னல் உயிரோடு இருந்தால் மட்டுமே பாதுகாப்பு என்ற ஏற்பாட்டுக்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

#7 · கர்னல் கயல்

விசிறியில் எனக்கு மறுப்பே இல்லை. கர்னல் பிறப்பதற்கு முன் தேவைப்படுவதும், கர்னல் செத்த பிறகு தேவைப்படுவதும் ஃபர்ம்வேருக்கு. என் சண்டை எல்லாம் கர்னல் உயிரோடு இருக்கும் நேரத்தைப் பற்றித்தான்.

எஃபிவார்ஸ், அதாவது அந்த யூஇஎஃப்ஐ மாறிகள், விஷயத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மாறிகள் காலியாக இருந்தால் இயல்பு மதிப்புகளோடு எழுவது ஃபர்ம்வேரின் கடமை. அந்தப் போர்டுகள் அதைச் செய்யவில்லை. கர்னல் 4.5இல் அந்த மாறிகளில் பெரும்பாலானவற்றைச் சும்மா அழிக்க முடியாதபடி பூட்டி, அடுத்தவர் பிழையைத் தன் தலையில் சுமந்தது. லினக்ஸின் பூட் லாக்கில் 'ஃபர்ம்வேர் பக்' என்ற முன்னொட்டோடு வரும் வரிகளைத் தேடிப் பாருங்கள். அந்த முன்னொட்டுக்கென்றே கர்னலில் ஒரு மேக்ரோ இருக்கிறது. பிசிஐ பிரிட்ஜ் பற்றி ஃபர்ம்வேர் சொல்வதை நம்பலாமா என்பதை பயாஸின் தேதியைப் பார்த்து முடிவு செய்யும் குறியீடும் இருக்கிறது: 2008 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் நம்பு, இல்லையென்றால் வேண்டாம். எத்தனை பேர் எத்தனை இரவு உட்கார்ந்த பிறகு அந்த வரி வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஃபர்ம்வேர் ஒன்றை அமைத்துவிட்டு ஒதுங்கினால் எனக்குப் பிரச்சினையே இல்லை. தவறாக இருந்தால் மாற்றிக்கொள்வேன். யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டுப் போவதுதான் தாங்க முடியாதது. இன்டெல்லில் விர்ச்சுவலைசேஷனை இயக்கும் ரெஜிஸ்டரில் ஒரு லாக் பிட் இருக்கிறது. ஃபர்ம்வேர் விஎம்எக்ஸை (அந்த விர்ச்சுவலைசேஷன் வசதியை) அணைத்து, பூட்டியும் விட்டால் ரீசெட் வரை யாராலும் இயக்க முடியாது. லினக்ஸில் விர்ச்சுவல் கணினிகளை ஓட்டும் கேவிஎம் ஓடாது. மெனுவில் அந்த வரியையே காட்டாத பயாஸ் என்றால் அந்த ப்ராசஸரின் வசதி வாழ்நாள் முழுக்க வீண். ஃபர்ம்வேர் பூட்டாமல் விட்டால், 2020இலிருந்து லினக்ஸே அதை அமைத்துத் தானே பூட்டிக்கொள்கிறது. எனக்கு அதுதான் சரியான முறை.

பூட்டுவதைவிட மோசமானது ஒதுங்காமலே இருப்பது. 1990இல் இன்டெல்லின் 386எஸ்எல் ப்ராசஸரோடு வந்த எஸ்எம்எம் என்ற தனி இயக்கநிலை இன்றும் இருக்கிறது. அதற்கான எஸ்எம்ஐ என்ற இன்டரப்ட் அடித்தால் ப்ராசஸர் கர்னலைக் கேட்காமல் ஃபர்ம்வேர் குறியீட்டுக்குள் போய்விடும். எவ்வளவு நேரம் என்று கர்னலுக்கு யாரும் சொல்வதில்லை. கடிகாரத்தை இடைவிடாமல் படித்து, எங்கே துள்ளியது என்று பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அதற்கென்றே லினக்ஸில் ஒரு டிரேசர் (கண்காணிப்புக் கருவி) இருக்கிறது. ரியல்டைம் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

#8 · புதுவரவு

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். யூஎஸ்பி கீபோர்டு பயாஸ் மெனுவிலும் வேலை செய்கிறது, லினக்ஸிலும் வேலை செய்கிறது. இரண்டு பேரும் ஒரே கன்ட்ரோலரைத் தொட்டால் மோதல் வராதா?

#9 · பூட்லோடர் பாலா

நல்ல கேள்வி தம்பி. வரும், வந்தது. பழைய ஓஎஸ்ஸுக்காக பயாஸ் யூஎஸ்பி கீபோர்டை எஸ்எம்எம் மூலம் பழைய பிஎஸ்/2 கீபோர்டு போலக் காட்டும். அதனால் கன்ட்ரோலர் தரத்திலேயே கைமாற்று முறை வைத்திருக்கிறார்கள். ஒரு ரெஜிஸ்டரில் 'பயாஸுக்குச் சொந்தம்', 'ஓஎஸ்ஸுக்குச் சொந்தம்' என்று இரண்டு பிட்டுகள். கர்னல் தன் பிட்டை எழுப்பிவிட்டு, பயாஸ் தன் பிட்டை இறக்கும் வரை காத்திருக்கும். குறித்த நேரத்துக்குள் பயாஸ் விடவில்லை என்றால் லாக்கில் எழுதிவிட்டு வலுக்கட்டாயமாக எடுத்துக்கொள்ளும். இந்த இழையில் பேசியதிலேயே ஒழுங்காக வடிவமைத்த எல்லைக்கோடு இதுதான் என்பேன். யாரிடம் இருக்கிறது என்பது ரெஜிஸ்டரில் தெரிகிறது, கேட்க ஒரு வழி இருக்கிறது, கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்பதும் முடிவாகியிருக்கிறது.

#10 · ஓடும்பிட்

எல்லோருக்கும் நன்றி. குழுவிடம் இப்படிச் சொல்லப்போகிறேன்: மெமரியும், பூட் மீடியாவை எட்டும் அளவுக்கான இணைப்பும், வெப்பப் பாதுகாப்பும் ஃபர்ம்வேரில். எஸ்எம்எம்மில் எந்த ஹேண்ட்லரும் (எஸ்எம்ஐ வந்தால் ஓடும் குறியீடு) வைக்க மாட்டோம். ஃபிளாஷின் எழுத்துப் பாதுகாப்பைத் தவிர எதையும் பூட்ட மாட்டோம். மற்றவை கர்னலுக்கு.

இந்தப் பக்கம் சாய இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் கிராஷ் டம்ப் எடுக்க கேடம்ப் பயன்படுத்துகிறோம். அங்கே செத்த கர்னலின் இடத்தில் இரண்டாவது கர்னல் கேஎக்ஸெக் வழியாக எழுகிறது. ஃபர்ம்வேர் இடையில் ஓடுவதே இல்லை. நெட்வொர்க் கார்டு பழைய கர்னலின் மெமரிக்குள் டிஎம்ஏ (ப்ராசஸர் வழியாகப் போகாமல் நேராக எழுதுவது) செய்துகொண்டே இருக்கும். எந்த நிலையில் கையில் கிடைத்தாலும் சாதனத்தை ரீசெட் செய்து தானே அமைக்கத் தெரியாத டிரைவர் அங்கே விழுந்துவிடும். ஃபர்ம்வேர் அமைத்துக் கொடுக்கும் என்று நம்பி எழுதிய டிரைவர்களை இந்த ஒரு சோதனையிலேயே பிடித்துவிடலாம்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். பிசிஐ ஒதுக்கீட்டை கர்னல் முழுக்க மறுபடி செய்தால் எதுவும் உடையுமா?

#11 · பூட்லோடர் பாலா

உடையக்கூடிய முதல் இடம் திரை. ஃபர்ம்வேர் கொடுத்த ஃபிரேம்பஃபரின் (திரையில் தெரிவதை வைத்திருக்கும் மெமரியின்) முகவரியை வைத்துத்தான் ஆரம்பக் கன்சோல் எழுதுகிறது. கர்னல் அந்தக் கார்டின் பேஸ் ரெஜிஸ்டரை நகர்த்தினால், கன்சோல் பழைய முகவரியிலேயே எழுதிக்கொண்டிருக்கும். லினக்ஸ் இதற்காகவே ஃபிரேம்பஃபர் இருக்கும் ரெஜிஸ்டரைக் கவனித்து வைக்கிறது. ஆனால் உங்கள் கர்னலில் நீங்கள் கைவைத்திருந்தால் சோதித்துவிடுங்கள். பிசிஐ பின்னால் இருக்கும் சீரியல் போர்ட்டில் ஃபர்ம்வேர் லாக் எழுதினாலும் இதே கதிதான். எஸ்எம்எம் ஹேண்ட்லர் ஏதாவது ஒரு சாதனத்தின் முகவரியை நினைவில் வைத்திருந்தால் இன்னும் மோசம்; அது எப்போது போய்த் தொடும் என்று சொல்ல முடியாது. நீங்கள் அதை வைக்கவில்லை என்பதால் தப்பித்தீர்கள்.

மற்றபடி உங்கள் கேள்விக்கு பிசிஐ ஃபர்ம்வேர் தரத்திலேயே இடம் இருக்கிறது. ப்ராசஸரை பிசிஐயோடு இணைக்கும் ஹோஸ்ட் பிரிட்ஜின் டிஎஸ்எம் என்ற ஏசிபிஐ மெத்தடில் 5ஆம் செயல்பாட்டைப் பாருங்கள். ஃபர்ம்வேர் அங்கே 0 திருப்பினால் 'என் ஒதுக்கீட்டை மாற்றாதே' என்று பொருள். 1 திருப்பினால் ஓஎஸ் அதைப் புறக்கணித்துப் புதிதாக ஒதுக்கிக்கொள்ளலாம். திரையையும் சீரியலையும் சோதித்துவிட்டு, உங்கள் ஏசிபிஐ அட்டவணையில் 1 போடுங்கள்.